அம்மாவுக்கு நான் வாசிக்காத தாள்

அம்மாவின் பேச்சுதான் முதலில் சுருங்கியது. ஒன்றைச் சொல்லத் தொடங்குவாள், பாதியில் மூச்சு வாங்கும், மீதியைக் கையால் காட்டுவாள். திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில் நெல் அவித்து, மூட்டை தூக்கியவள். உமி அடுப்புப் புகை பல வருடம் உள்ளே போயிருந்தது.

கால் வீங்கியபோது விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். சி.ஓ.பி.டி. என்றார்கள் (மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் அடைபடும் நாள்பட்ட நோய்). எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) இதயத்தின் வலது பக்கம் பெருத்திருந்தது. கெட்டுப்போன நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி அது களைத்துவிட்டதாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு தாள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். முதல் தாளை வாசித்துக் காட்டினேன்: மாத்திரை, இன்ஹேலர், உப்பைக் குறைக்க வேண்டும், பளு தூக்கக் கூடாது. இரண்டாவது, பிசியோதெரபிக்கான சீட்டு. வாரம் மூன்று நாள் வந்து நடைப்பயிற்சி செய்ய வேண்டும் என்றிருந்தது. நடந்தால் களைத்த இதயம் நின்றுவிடும் என்று பயந்தேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். தாளை மடித்து ஃபைலின் அடியில் வைத்துவிட்டேன்.

அப்புறம் எட்டு மாதம் அவளை எழவிடவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட நான்தான் நீட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று, "குடுத்து வச்சவடி நீ. மகாராணியாட்டம் உக்காந்துக்கினே துன்ற" என்பார்.

"நீ வந்து உக்காரு, நான் எழுந்து போறேன்" என்பாள் அம்மா.

அத்தை சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். பெற்றவளை உட்கார வைத்துச் சோறு போடுவதுதானே எங்கள் பக்கம் நல்ல பிள்ளைக்கு அடையாளம்.

எட்டாம் மாதம் கக்கூசுக்குப் போகிற வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுபடி விழுப்புரம்.

"நடக்கவே விடலையா? தொடையில சதையே இல்லப்பா" என்றார் டாக்டர். "சதை கரைஞ்சா சின்ன வேலைக்கே மூச்சு அதிகமா வேணும். அந்தச் சுமையும் இதயத்து மேலதான்."

பிசியோதெரபிஸ்ட் பெண் ஃபைலைப் புரட்டி அந்தச் சீட்டை எடுத்தார். "உங்கள அப்பவே வரச் சொல்லியிருக்காங்களேம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடா, இத எனக்குப் படிக்கலியே நீ?"

"பயந்துட்டேம்மா."

"பயம் உனக்கு. கட்டிப் போட்டது என்னிய."

விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டி, நடைக்கூடத்தில் நடக்கச் சொன்னார்கள். "மூட்ட தூக்குனவளுக்கு நடக்கக் கத்துக் குடுக்கறியாம்மா?" என்று கிளம்பியவள் நாலு தப்படியில் சுவரைப் பிடித்து நின்றாள். உதட்டைக் குவித்து மெல்ல ஊதப் பழக்கினார்கள். அடைபட்ட காற்று அப்படித்தான் கொஞ்சமாவது வெளியே வருமாம்.

வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். வலது பக்க இதயமும் இன்னும் பெருத்துத்தான் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தொடையில் கொஞ்சம் சதை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால் நோயாளிக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள். புரியாததை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

இப்போது எந்தச் சீட்டையும் அம்மா என்னிடம் தருவதில்லை. அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் நீட்டி, "ரெண்டு பக்கமும் படிம்மா" என்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிறோம். ஐந்து நிமிட வழி. ஏழெட்டு முறை நிற்கிறாள். கை கொடுக்கப் போனால் தட்டிவிடுகிறாள். உதட்டைக் குவித்து ஊதுகிறாள். அது முடிகிறவரை என் மூச்சும் உள்ளேயே நிற்கிறது.