கல்விக்கு மேல் ஒட்டிய துண்டு

திருகோணமலைக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தின் எங்கள் பகுதிச் சுவரில், மந்திரிமாரின் பட்டியல் ஒன்று தொங்கியது. மந்திரிசபை மாறினால் புதுப் பட்டியல் எழுதமாட்டோம். புதியவரின் பெயரைத் தட்டெழுத்தில் அடித்துக் கத்தரித்து, பழைய பெயரின் மேல் கோதுமைமாப் பசையால் ஒட்டுவோம். அந்த வேலை என்னுடையது. காணிக்கு மேல் ஒரு துண்டு, மீன்பிடிக்கு மேல் இரண்டு, கல்விக்கு மேல் மூன்று. காலையில் அவற்றை எண்ணிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவேன்.

அப்போது என் மனைவி குச்சவெளியில் ஆசிரியை. வயிற்றில் ஆறு மாதம். ஒரு நாள் அவளுடன் பஸ்ஸில் போய் வீதியின் பள்ளங்களை எண்ணினேன். நாற்பத்தேழு. திரும்பி வந்ததும் பட்டணத்துக்கு இடமாற்றம் கேட்டு அவள் பெயரில் விண்ணப்பம் எழுதி, கல்வி மந்திரியின் பெயரைப் பட்டியலில் பார்த்து உறையில் எழுதி அனுப்பினேன். அந்த அவசரத்தில் துண்டுகளை எண்ணவில்லை.

மறுநாள் எண்ணினால் கல்விக்கு மேல் இரண்டுதான். கடற்காற்றின் ஈரத்தில் பசை விட்டு, மேல்துண்டு அலுமாரிக்குக் கீழே கிடந்தது. பதவியைப் போடாமல் நான் உறையில் எழுதியது பழைய மந்திரியின் பெயர். அவர் மீன்பிடிக்கு மாறியிருந்தார். கடிதமும் அவரிடமே போகும்.

தலைமை எழுதுவினைஞர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ன காணும், மனிசியை மீன்பிடிக்கு மாத்தச் சொல்லி எழுதினீராம்?”

“பகிடி விடாதேயுங்கோ ஐயா. இன்னொண்டு எழுதட்டோ?”

“வேண்டாம். ரெண்டு போனா ரெண்டையும் ஒரு மூலையில போட்டிருவாங்கள். பொறும்.”

பத்தொன்பது நாள் எண்ணினேன். ஒவ்வொரு நாளும் அவள் பஸ் வந்துசேரும்வரை எனக்குக் கந்தோரில் வேலை ஓடவில்லை. இருபதாம் நாள் இடமாற்றக் கட்டளை வந்தது. மீன்பிடி மந்திரி ‘தயவுசெய்து கவனிக்கவும்’ என்று கைப்பட எழுதி, விண்ணப்பத்தைக் கல்வி மந்திரிக்கு அனுப்பியிருந்தார்.

“நேரே போயிருந்தா மற்ற விண்ணப்பங்களோட மூட்டையில கிடந்திருக்கும். மந்திரிக்கு மந்திரி எழுதினா ஆர் மூட்டையில போடுவினம்?” என்றார் தலைமை எழுதுவினைஞர்.

“நன்றிக் கடிதம் எழுதவேணும். இந்த முறை பேரைச் சரியாப் பாருங்கோ” என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அவள் குடையை விரித்து, பட்டணத்துப் பள்ளிக்கு நடந்தே போனாள். நானும் பின்னால் போனேன். வீட்டிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. பள்ளி வாசலில் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள் கந்தோருக்குப் போகேல்லையோ?”