பட்டாசு வேனில் பட விமர்சனம்

சிவகாசியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டதால், ஆமத்தூர் வரைக்கும் பட்டாசு லோடு வேனில் ஏறியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் அம்புட்டும் வெடிப் பெட்டிகள். பக்கத்தில் டிரைவரும் லோடுமேனும் நேற்றுப் பார்த்த படத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

"பட்டாசு லாரி வெடிக்குதாம், கறுப்புப் புகை வருதுலே. அது பூராம் பெட்ரோலு. வெடிமருந்துன்னா வெள்ளையால்ல வரும்" என்கிறார் லோடுமேன்.

டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வெடித்துக் காட்டுகிறார். நான் தைரியசாலியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.

"ஹீரோ எந்தப் பக்கமாக் குதிச்சுத் தப்பிச்சான்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்கிறேன்.

"அதான் அண்ணாச்சி பெரிய பொய்யி" என்கிறார் டிரைவர். "தீப் பிடிச்சா குதிக்க எங்கன நேரம் இருக்கும்?"

ஏறியதிலிருந்து கதவுப் பிடியை இறுக்கியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பிறகு, கதாநாயகி எப்படி என்று விசாரிக்கிறேன்.