மருந்தில்லாக் கோழியைத் தேடி

காலை ஏழு மணிக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கிணத்துக்கடவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆன்டிபயாடிக் இல்லாமல் பிராய்லர் வளர்க்கும் பண்ணையைப் பார்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "அப்படியொண்ணு இருக்குதுங்களா? பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

ஊரிலிருந்து பண்ணை மூன்று கிலோமீட்டர். ஆட்டோ எண்பது ரூபாய். தென்னந்தோப்பு வாசலில் பண்ணைக்காரர் பரமேஸ்வரி அக்கா நின்றிருந்தார். "நல்ல நாளாப் பாத்து வந்தீங்க போங்க" என்றார். குரல் சரியில்லை.

குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் இவருடையவை. சென்ற வருடம் கணவர் பழனிசாமிக்குக் காலில் புண் வந்து, எந்த மருந்துக்கும் ஆறவில்லை. "கோழிக்கு மருந்து போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டாராம். அதனால்தான் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்தக் கேள்வியே போதும். இனி அந்த ஆன்டிபயாடிக் பொடி ஷெட்டுக்குள் வராது என்று கணவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பூண்டு, மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்துத் தீவனத்தில் பிசறினார். நாலு பேட்ச் தேறியது.

இது ஐந்தாவது. மூன்று நாளாகக் குஞ்சுகளுக்கு மூச்சிரைப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூடை நிறையச் செத்ததை அள்ளினார்.

பத்தரைக்குக் கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். கெட்ட மனிதரில்லை. "ஏனுங்கக்கா, பூண்டு நோய் வராமக் காக்கும். வந்த நோயை நிறுத்துமுங்களா? இப்பப் பொடி கலக்கலீன்னா ஷெட்டே காலிங்க. அடுத்த பேட்ச் குஞ்சு எறக்க என்னால முடியாது."

நான் ஏதாவது சொல்வேன் என்று அக்கா என்னைப் பார்த்தார். ஊர் சுற்றிக் கட்டுரை எழுதுகிறவனிடம் என்ன இருக்கிறது? சூப்பர்வைசர் நீட்டிய பாக்கெட்டை அக்கா கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்கினார்.

ஷெட்டை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து, காலில் கட்டோடு படுத்திருந்த பழனிசாமி கேட்டார்: "அம்மணி, தொட்டீல என்ன கலக்குன?"

"மஞ்சத்தண்ணிதானுங்க."

பழனிசாமி ஜன்னல் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் சரியாப் போயிருமுங்க தம்பி. மருந்தே இல்லாம வளத்தறோம்னு எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அக்கா ரோடு வரை கூட வந்தார். "பேரை மாத்திப் போடுங்க. அவரு எல்லாத்தையும் படிக்கறவருங்க" என்றார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.