எழுதாமல் விட்ட ஒரு கடன்

லண்டனில் தமிழ்ப் புத்தகக் கடை நடத்தியவன் கடன் கட்ட ஏலாமல் வங்குரோத்தானதில் நீதிமன்றத்துக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் கல்யாண எழுத்துக்கே இதைவிடக் கூட நேரம் எடுத்தது. அது 2008. அடுத்த வருடம் அதே தேதியில், நான் ஒரு துரும்பையும் அசைக்காமலே, சட்டம் என்னைக் கடன்களிலிருந்து விடுவித்தது. வங்கி, அச்சகம், கடை வாடகை, கடன் கார்டுகள், ஒருவரும் இனி என்னிடம் கேட்க ஏலாது. வேறு ஆளாயிருந்தால் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயாவது உடைத்திருப்பான். நான் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். சீனி போட மறந்ததைக் கோப்பையைக் கழுவும்போதுதான் கண்டுபிடித்தேன்.

2009 எங்கட ஆக்களுக்கெல்லாம் அப்படிப்பட்ட வருடம். வசந்தத்தில், ஊரில் போரை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தவர்கள், எல்லாம் முடிந்த பிறகு வேலைக்குப் போனார்கள், சாமான் வாங்கினார்கள், கதையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய விறைப்புக்குள் என்னுடைய சின்ன விறைப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெட்கப்படவேண்டிய விஷயந்தான், ஆனால் வசதியாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் இல்ஃபோர்ட் வீட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். மனைவிக்கு ஹரோவில் முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு ஹவுன்ஸ்லோவில், வாடகைக் கார்களைக் கழுவும் வேலை. இரண்டுக்கும் நடுவில் ரெய்னர்ஸ் லேனில், ஒரு சாறிக் கடைக்கு மேலே, இரண்டு அறை வீடு ஒன்று கிடந்தது. வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகும். மனைவி குசினியை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் அரிசி வாளி வைப்பது என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள்.

வீட்டு ஏஜென்சியில் இருந்த பெண் குஜராத்திக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். என் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திரையில் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வங்குரோத்து பிரச்சினையில்லை, அங்கிள். அது முடிந்த கதை, வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொள்வேன். பாருங்கள், எல்லாக் கடனுக்கும் நேரே பூச்சியம். வங்குரோத்தான தேதியும் இருக்கிறது. இந்த ஒரு கார்டுதான்..."

அந்த ஒரு கார்டில் இரண்டாயிரத்து எண்ணூறு பவுண்ஸ் நிலுவை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கட்டத் தவறியவர் என்று புதிதாகக் குத்தியிருந்தார்கள். செத்தவர்களுக்கு நடுவில் ஒருவன் மட்டும் எழும்பி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"இது இன்னும் உயிரோடு இருக்கிறது," என்றாள். "சரிப்படுத்திக்கொண்டு வாருங்கள். இரண்டு கிழமை வீட்டைப் பிடித்து வைக்கிறேன்."

ரயிலில் மனைவி கேட்டாள்.

"என்ன கார்டு அது?"

"பழைய கார்டு."

"எல்லாம்தானே பழைய கார்டு. இது மட்டும் ஏன் சாகேல்லை?"

சொல்லவேண்டியதாயிற்று. நாங்கள் கல்யாணம் கட்டும்போது நான் அகதி. நூல் மாதிரி ஒரு கொடியில்தான் தாலி கட்டினேன். பிறகு லண்டனில் வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் போகப்போக, மற்றப் பெண்களின் கழுத்துகள் வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டு வந்தன. ஏழு வருடத்துக்கு முந்தி நான் அந்தக் கொடியை மாற்றிப் பதினொரு பவுண் தங்கத்தில் செய்வித்தேன். கடை நல்லாய் ஓடுகிறது, அந்த லாபம் என்று அவளுக்குச் சொன்னேன். கடையில் அந்த மாதம் நாலு புத்தகம் விற்றது, அதில் ஒன்றை வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தார். கொடி கார்டில் வாங்கியது.

வங்குரோத்துப் படிவத்தில் எல்லாக் கடனையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் எழுதிக்கொண்டு வந்து இந்தக் கார்டில் நின்றேன். எழுதினால் என்ன வாங்கினாய் என்று கேட்பார்கள், தாலிக்கொடி என்றால் கழற்று என்பார்கள் என்று நினைத்தேன். கேட்காமல் விட்டாலும், அவள் கழுத்தில் கிடப்பது காசு கட்டாத கொடி ஆகிவிடும். அதனால் அதை எழுதவில்லை. மாதம் இருபது பவுண்ஸ் என்று அந்தக் கொம்பனிக்கு ஒழுங்காகக் கட்டி வந்தேன். ஒழுங்காகக் கட்டியதற்குத்தான், போதாமல் கட்டுகிறான் என்று மாதாமாதம் எழுதி, கடைசியில் கட்டத் தவறியவன் என்றும் குத்தினார்கள். கட்டாமல் விட்ட கடன்களெல்லாம் பூச்சியமாய் அமைதியாய்க் கிடக்க, கட்டின கடன்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஸ்ராட்ஃபோர்ட்டில் ரயில் நின்றபோது மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"தடிச்சது வேணுமெண்டு நான் கேட்டனானே?"

"இல்லை."

"பிறகென்ன? உங்களுக்குத்தான் வெக்கமாயிருந்தது."

"ஓம்."

"நான் வேலைக்கு இதைப் போடுறதே இல்லை, தெரியுமே? கிழவியள் பிடிச்சு இழுக்குதுகள். அலுமாரிக்குள்ள சோக்ஸுக்குள்ள கிடக்கு."

"எப்ப இருந்து?"

"மூண்டு வருசமா. ஒரே வீட்டில இருக்கிற மனிசன், காணேல்லை."

காணவில்லைதான். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதிர்ச் சீட்டில் ஒருவன் கோழி தின்றுகொண்டிருந்ததை மட்டும் விளக்கமாகச் சொல்வேன்.

அடுத்த நாள் காலை, கார் கழுவும் இடத்தில் இருந்து, என் வங்குரோத்தைப் பார்த்த அதிகாரிக்குப் போன் எடுத்தேன். ஒரு கடனை எழுதவில்லை என்று சொன்னபோது, சிறைக்கு எந்தச் சேர்ட்டைக் கொண்டுபோகலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன். அவர் இருமினார். எழுதாமல் விட்டது பிழை, இனி அப்படிச் செய்யக்கூடாது என்றார், நான் அடிக்கடி வங்குரோத்தாகிற ஆள் என்கிற மாதிரி. என்ன வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். ஏழு வருடத்துக்கு முந்தி மனைவிக்குக் கொடுத்ததென்றால் அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார். பிறகு சொன்னார்: எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தக் கடனும் மற்றவைகளோடேயே முடிந்துவிட்டது.

"அப்ப நான் கட்டின காசு?"

"கட்டத் தேவையில்லாத காசு."

பின்னேரம் மனைவி குசினி மேசையில் பேப்பரையும் பேனையையும் வைத்துவிட்டு நின்றாள்.

"கார்டுக் கொம்பனிக்கு எழுதுங்கோ."

"எழுதினா அந்தக் கொடி சும்மா வந்ததாப் போகும்."

"அப்ப இல்ஃபோர்ட் ரோட்டில சும்மா நிப்பம். எது வேணும்? உங்கட மானத்துக்கு ரெண்டு அறையும் குசினியும் போதுமோ எண்டு பாருங்கோ."

எழுதினேன். கடன்களிலிருந்து என்னை விடுவித்த கடிதத்தின் பிரதியையும் வைத்து, நிலுவையைப் பூச்சியமாக்கவும், கட்டத் தவறிய தேதியை வங்குரோத்தான நாளுக்கு மாற்றவும் கேட்டேன். புத்தகக் கடைக்காரனுக்கு வந்து வாய்த்த கடைசி இலக்கிய முயற்சி என்று அதைச் சொல்லலாம். மூன்று தரம் திருத்தினேன். மனைவி வாசித்துவிட்டு, "கன சொல்லு," என்று பாதியை வெட்டினாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நிலுவை பூச்சியம். "பகுதியாகத் தீர்ந்தது" என்று குறிப்போம், 2014 வரை பதிவில் இருக்கும், அதன்பிறகு நீங்கும். ஏழு வருடம் நான் மறைத்துத் திரிந்த விஷயத்துக்கு அவர்கள் ஒரு தபால் முத்திரைக்கு மட்டும் காசு செலவழித்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடிதத்தைக் கொண்டுபோய் ஏஜென்சிப் பெண்ணிடம் கொடுத்தோம். அந்தக் கடன் ஏன் வந்தது, எங்கே போயிற்று என்று அவள் கேட்டால் சொல்வதற்கு நான் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். நேர்மையானது, கொஞ்சம் பகிடியும் இருந்தது. அவள் கடிதத்தைப் பார்த்தாள், போட்டோக் கொப்பி எடுத்தாள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாள், வீட்டுத் திறப்பைத் தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மனைவிதான் கேட்டாள், குளிர்காலத்தில் அந்த வீட்டில் உடுப்புக் காயுமோ என்று.