ஐஸ் பெட்டி மூடியில் பழகிய காது

இல்லை, அந்தச் சொல்லை முதலில் கீழே வையுங்கள். மெற்றில்டா ஓடிப்போனவள் அல்ல. ஓடுகிறவள் மூன்று மாதத்துக்கு முன்பே வைத்தியப் பரிசோதனைக்குப் போய், இரத்தம் கொடுத்து, எக்ஸ்றே எடுத்து, அந்தப் படத்தை வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க முன் அறைச் சுவரில் சாய்த்து வைப்பாளா? கொட்டாஞ்சேனையில் ஒரு பொம்பிளை கனத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினால், வேலைக்குப் போகிறாள் என்று நினைக்க ஒருவருக்கும் மனம் வராது. எவனோடு என்றுதான் கேட்பார்கள். அந்த எவன்தான் யார்? வெள்ளவத்தைப் பெடியன் லவன். காற்றாடிக் கொம்பனி இஞ்சினியர். அவனுக்கு இருபத்தேழு, இவளுக்கு நாற்பத்து மூன்று. அவன் வாயிலிருந்து அக்கா என்ற சொல்லைத் தவிர வேறொன்று வந்ததைக் கேட்டவர்கள் இருந்தால் முன்னுக்கு வந்து சொல்லட்டும்.

பொறாமை இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஊர் தேடுகிற இடத்தில் அது இருக்கவில்லை. அவளுடைய புருஷன் றேமண்டின் காதுக்குள் இருந்தது.

மெற்றில்டா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் கடைசி மகள். இருபது வயதில் லூசியா பெரிய கோயிலில் றேமண்டைக் கட்டினாள். பிள்ளை தங்கவில்லை. முகத்துவாரத்தில் பைபர் படகு செய்கிற யார்ட்டில் றேமண்டுக்கு வேலை. தொழில் தெரிந்தவனைக் கொழும்பில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பாணந்துறையிலிருந்து சிலாபம் வரை படகுக்காரர் றேமண்ட் பாஸ் என்றால் அறிவார்கள். கைவேலையை விட அவனுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தது காது. பழைய படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஒரு குத்திக் காசை, சில்லறை நாணயம்தான், எடுத்து அடியிலிருந்து முன் அணியம் வரை தட்டிக்கொண்டே போவான். நல்ல இடம் டிக் டிக் என்று கல்லைப் போலக் கேட்கும். உள்ளே பைபர்த் தட்டுகள் ஒட்டு விட்டுப்போன இடம் டொக் என்று வெறுமையாகக் கேட்கும். அந்த இடத்தில் சோக்கால் வட்டம் போட்டுவிட்டு எழும்புவான். வெட்டிப் பார்த்தால் அங்கேதான் உப்புத் தண்ணீர் நிற்கும்.

கட்டிய இரண்டாம் வருஷம் மெற்றில்டாவையும் யார்ட்டுக்குக் கூட்டிப்போனான். தட்டிக் கேட்கப் பழக்கியவனும் அவன்தான், அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் படகில் கைவைக்க விடமாட்டான். மீன் போடுகிற ஐஸ் பெட்டிகளைக் கொடுத்துவிட்டான். நடுவில் றெஜிபோம் என்கிற மெத்தென்ற பலகை, மேலும் கீழும் பைபர். பொம்பிளைகளுக்கு அது போதும் என்பான். இருபது வருஷம் அவள் பெட்டியும் மூடியும் செய்தாள். பேலியகொடை மீன் சந்தையில் இன்றைக்கும் அவள் கைபட்ட பெட்டிகள் கிடக்கின்றன.

அந்த இருபது வருஷத்துக்குள் வடக்கே மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் முளைத்தன. புத்தளப் பக்கம் கொஞ்சம், பளைப் பக்கம் கொஞ்சம். பிறகு மன்னார்த் தீவின் கரையோடு முப்பது ஒரே வரிசையில் எழும்பின. தலைமன்னாருக்குப் போய்வந்தவர்கள் போனில் படம் காட்டினார்கள். ஒரு இறக்கையை நிலத்தில் கிடத்தினால் நம் தெரு அளவு நீளம். றேமண்ட் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, இதுவும் பைபர்தானே, படகைக் கட்டி ஆகாயத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றான். சொன்னது சரி. அந்தச் சரியில்தான் அவன் வழுக்கி விழுந்தான்.

உப்புக் காற்றும் மணலும் இறக்கைகளின் விளிம்பைத் தின்னத் தொடங்கின. பழுது பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரவேண்டும், அவர்கள் வருவதற்குள் காற்று விழுந்து மேலே ஏறக்கூடிய மாதம் போய்விடும். அதனால்தான் லவன் நம் ஊர் யார்ட்டுகளில் ஆள் தேடி வந்தான். ஒரு சனிக்கிழமை லொறியில், கழற்றிய இறக்கை ஒன்றின் துண்டைக் கொண்டுவந்து இறக்கினான். அறைக் கதவு இரண்டளவு இருக்கும். உள்ளே மூன்று இடம் பழுது, வெளியே தெரியாது, கண்டுபிடிக்கிறவருக்கு மன்னாரில் வேலை என்றான்.

யார்ட்டே கூடி நின்றது. றேமண்ட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினான். தட்டினான். டொக். நகர்ந்து தட்டினான். டொக். எங்கே தட்டினாலும் டொக். அவன் முகம் மலர்ந்துபோனது. சோக்கை எடுத்துத் துண்டின் முக்கால்வாசியைச் சுற்றி ஒரே வட்டமாக இழுத்தான்.

“தம்பி, மூண்டு இடமில்ல. இது முழுக்கச் செத்த சாமான். உங்கட வெள்ளைக்காரர் உங்களை ஏமாத்திப் போட்டாங்கள்.”

எல்லாரும் சிரித்தார்கள். லவன் சிரிக்கவில்லை. பின்னுக்கு ஒரு மூடியில் றெசின் பசையை உருளையால் தேய்த்துக்கொண்டிருந்த மெற்றில்டாவும் சிரிக்கவில்லை. அங்கேயே வேலை செய்கிற மாளிகாவத்தைப் பாயிஸ்தான் அவளைக் கூப்பிட்டான், அக்காவும் ஒருக்கால் தட்டிப் பார்க்கட்டுமே என்று. கையைச் சீலைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தாள். புருஷனுடைய காசையே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தரம் தட்டினாள். அவசரப்படவில்லை. றேமண்டின் பெரிய வட்டத்துக்குள் இரண்டு, வெளியே ஒன்று, உள்ளங்கை அளவில் மூன்று வட்டம் போட்டாள். லவன் மெசினை வைத்து அரைத்துத் திறந்தான். மூன்றும் பழுது. மற்ற இடமெல்லாம் புதுசு போல இருந்தது.

எப்படித் தெரிந்தது என்று லவன் கேட்டான்.

“ஐஸ் பெட்டி மூடி இப்பிடித்தான் தம்பி கதைக்கும். நடுவில மெத்தையா ஏதும் இருந்தா எல்லா இடமும் வெறுமையாத்தான் கேக்கும். வெறுமைக்குள்ள வெறுமை எங்க எண்டு பாக்கோணும்.”

இறக்கைக்கும் நடுவில் மெத்தை உண்டு, படகுக்கு இல்லை. முழுக்க முழுக்கப் பைபர். முப்பது வருஷம் படகையே கேட்ட காது, இறக்கையையும் படகென்று கேட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. கெட்டித்தனம் குறைந்துபோகவில்லை. ஆனால் அதை றேமண்டுக்கு யார் சொல்வது?

முதல் நாள் அவன் பெருமைப்பட்டான். அதையும் சொல்லவேண்டும். நான் பழக்கின ஆள் என்று தெருவெல்லாம் சொன்னான். திங்கட்கிழமை யார்ட்டில் மூடிகள் அடுக்கியிருந்த மூலையைக் கடந்து போகும்போதுதான் அது அவனைக் கடித்தது. இதை அவன் பழக்கவில்லை. அவன் வேண்டாமென்று தள்ளிவிட்ட இடத்தில் அவள் தானாகவே பழகியிருக்கிறாள். இருபது வருஷம் அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவனுக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெண்சாதியின் கள்ளக் காதலனைக் கண்டுபிடித்தவன் போல அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஒருவரும் பாராத நேரம் பார்த்து ஒரு மூடியில் தட்டினான். டொக். பக்கத்தில் தட்டினான். அதே டொக்தான். அவனுக்கு ஒரு வித்தியாசமும் விளங்கவில்லை.

பிறகு கடிதம் வந்தது. மெற்றில்டாவுக்கு இறக்கை பழுது பார்க்கிற வேலை. பழக்குகிற காலத்தில் றேமண்டையும் எடுக்கலாம் என்று லவன் கெஞ்சிக் கேட்டு ஒரு இடம் வாங்கியிருந்தான்: கோபுரத்தின் அடியில் நின்று றெசின் கலக்கிக் கொடுப்பது, மேலே போகிறவளின் பாதுகாப்புக் கயிற்றைப் பார்த்துக்கொள்வது. வா என்று மெற்றில்டா ஒரு கிழமை மன்றாடினாள். பெண்சாதிக்கு றெசின் கலக்குகிற பாஸ் என்று யார்ட் சிரிக்கும் என்றான். மன்னாரில் சனம் காற்றாடி வேண்டாமென்று றோட்டில் இருக்கிறது, நீ போய் அதற்கு மருந்து கட்டப்போகிறாயா என்றும் கேட்டான். சனம் வேண்டாமென்பது இனிப் புதிதாக நாட்டப்போகிற காற்றாடியை, நாட்டியது உடைந்து தலையில் விழட்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போன் மணி அடித்தால் அவன்தான் முதலில் எட்டிப் பார்ப்பான். பேலியகொடையில் ஒரு பழைய களஞ்சியத்தில் அவளைக் கயிற்றில் ஏறப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்தால், யார் இடுப்புப் பட்டியைக் கட்டிவிட்டது என்று கேட்பான். நானே கட்டினேன் என்றால் அது இன்னும் எரிந்தது.

ஒருநாள் சலூன் கதிரையில் இருந்துகொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னான். இஞ்சினியருக்கு அவளுடைய காது மட்டும்தான் பிடித்தது என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்றான். கத்தரிக்கோல் நின்றது. அந்த வசனம் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை கீழ்வீட்டு றமீலாவிடம் வந்தது. மெற்றில்டா குசினியில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதே ஊர் அவளை மன்னாருக்கு ஓட வைத்துவிட்டது.

சலூனில் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் பாயிஸ். அவன் மனம் கேட்காமல் அவளிடம் சொன்னான். அன்று மத்தியானம் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

“சலூன்ல கதைச்சது நீங்கதானே?”

றேமண்ட் மறைக்கவில்லை. “ஓம், நான்தான்.”

“உங்களுக்கு அப்பிடி நினைப்பிருக்கா?”

“இல்ல.”

“பிறகு ஏன்?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “ஒருத்தனுக்காகப் போறாயெண்டா உன்னை ஏசலாம், அடிச்சுக் கலைக்கலாம். காதுக்காகப் போறாய். அதுக்கு நான் என்ன செய்ய, மெற்றி?”

அவள் அழவில்லை. இரண்டு காரியம் கேட்டாள். கட்டிய கதையை ஊர் முன்னால் அவனே அவிழ்க்க வேண்டும். மூன்று வட்டத்தையும் அவள்தான் சரியாகப் போட்டாள் என்று யார்ட்டுக்காரர் முன்னால் ஒருதரம் சொல்லவேண்டும். அவன் தலையை ஆட்டினானா ஆட்டவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. தெருவில் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்துத்தான் அவள் புறப்பட்டாள். பாயிஸ் பையைத் தூக்க வந்திருந்தான். றமீலா படியில் இருந்தபடி, தனியாகவா போகிறாய் என்று சிரித்துக் கேட்டாள். மெற்றில்டா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

“லவனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல,” என்றான் றேமண்ட், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. “கதையைக் கட்டினது நான். அவ வேலைக்குப் போறா.”

பாவம், மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று றமீலா பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள். இன்றைக்கும் தெரு நம்புவது அந்த முணுமுணுப்பைத்தான்.

மெற்றில்டா நகரவில்லை. கேட்ட இரண்டாவது காரியத்துக்காக, அந்த மூன்று வட்டத்துக்காக, காத்து நின்றாள். யார்ட்டுக்காரன் ஒருவன், பாயிஸ், பையோடு அங்கேதான் நின்றான். அவன் முன்னால் சொன்னாலே போதும். றேமண்ட் நிலையின் மரத்தை நகத்தால் சுரண்டினான்.

“மேல ஏறேக்க உன்ட கயிறை ஆர் பாக்கிறது?” என்றான் கடைசியில்.

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான்,” என்று சொல்லிவிட்டு, பாயிஸின் கையிலிருந்த பையை வாங்கித் தானே தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள்.