சென்ட்ரலில் ஒரு ரிஜெக்ட் ஜோடி

விஜயகுமாரிக்கு ஆளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கால்தான். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய், வருஷக்கணக்காக ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், "தையல் சுத்தமா இருக்குது" என்பாள். ஊரில் திமிர் பிடித்தவள் என்று அவளுக்குப் பெயர் வந்ததில் பாதி இதனால்தான். எதிரே வருகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவளை வேறு எப்படிச் சொல்வார்கள்?

மீதிப் பாதி வாயால் வந்தது. மகன் பூவரசனுக்காக சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அதே கம்பெனியில் வேலை பேசி வைத்தாள். அவனோ சென்னையில் மெட்ரோ ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், "போனின்னா எனக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று கொட்டிவிட்டாள். கொட்டியதை அள்ள முடியுமா? மறுநாள் ஒரு ஜோடி கறுப்பு ஷூவை அவன் பையில் திணித்தாள். வலது ஷூவில் அவள் கைத்தையல் ஒரு நூல் விலகியதால் ரிஜெக்ட் ஆகி, கம்பெனியிலேயே சல்லிசாக வாங்கிய ஜோடி. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். பொங்கலுக்கும் வரவில்லை.

பெற்ற மனசு எத்தனை நாள் தாங்கும்? "நான் வர்றேன்டா" என்று அவளே போன் செய்தாள்.

"வா. சென்ட்ரல்ல எறங்கி, மெட்ரோவுக்குப் போற எஸ்கலேட்டர் பக்கத்துல நில்லு" என்றான். அவ்வளவுதான்.

அந்தக் குரலில் இன்னும் கோபம் இருக்கிறதா என்று ரயிலில் காட்பாடி தாண்டும்வரை யோசித்தாள். பிடிபடவில்லை. போனை எடுக்கப் பையைத் துழாவியபோதுதான், அது வீட்டில் சார்ஜில் கிடப்பது நினைவுக்கு வந்தது.

சென்ட்ரலில் எலெக்ட்ரிக் ட்ரெயின் கொண்டுவந்து கொட்டிய கூட்டத்தை மெட்ரோ பூமிக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தது. எஸ்கலேட்டர் பக்கத்தில் நின்று தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள்: கால்களைப் பார்த்தாள். எத்தனையோ கால்கள் போயின. அவன் வரவில்லை. நான் சொன்ன சொல்லுக்கு இது வேணும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது அந்தக் கறுப்பு ஷூ மேலே ஏறி வந்தது. வலது பக்கத் தையல் ஒரு நூல் விலகல். பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியாடா ராஜா!"

நிமிர்ந்து பார்த்தால் தாடி வைத்த யாரோ ஒரு பையன். நான் கொடுத்த ஷூவைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டானே!

"பூவரசன் அம்மாதானே? நான் சுஹேல் அகமதும்மா, அவன் ரூம் தோஸ்த்து. அடுத்த ஷிப்ட்டுக்கு மாத்திவுட ஆள் வரல, கவுன்ட்டர வுட்டு அவன் வர முடியல. உங்களுக்குப் போன் போட்டா, வீட்ல உங்க வூட்டுக்காரர் எடுத்தாரு. போட்டோ காட்டுடா, நான் போய் கூட்டினு வர்றேன்னேன். 'வாணாம், எங்கம்மா தெரியாத ஆளு கூட வராது. இந்த ஷூவ மாட்டிக்கினு போ, அம்மாவே உன்னப் புடிச்சிக்கும்'னான்." காலை உதறிக்கொண்டான். "ஒரு சைஸ் கம்மிம்மா. பேஜாரா கடிக்குது."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவன் தன்னை வெறுத்திருப்பானா?

கீழே கவுன்ட்டரில் நீள வரிசை. தானும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் பூவரசன் எழுந்தான். அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "ஒரு நிமிஷம் சார், எங்கம்மா வந்திருக்காங்க" என்றான்.

எல்லார் முன்னாலும் அவள் இல்லை என்று சொன்ன உறவை, எல்லார் முன்னாலும் அவன் எடுத்துக்கொண்டான். விஜயகுமாரி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அழாதம்மா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும்டா. நான் எம்புள்ளயப் பாக்க வந்திருக்கேன்."