ரோஜா வராத ரூக்கே

ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் ரசாயன ஆலையின் பழைய ஊழியர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. "நம்ம அந்தோணி மாமா போயிட்டாரு. சிதம்பரம் வீட்டுல கேஸ் லீக்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. எப்படி நடந்திருக்கும் என்று யாரையும் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். நான் அவருக்கு அடுத்தவன். ஷிப்டில் எல்லோருக்கும் அவர் மாமா. தொட்டி மூடியைத் திறக்கும் முன் ஆட்கள் விஷவாயுவைக் காட்டும் கேஸ் மீட்டரை நம்பமாட்டார்கள், அவரைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள். கையால் காற்றைத் தன் பக்கம் தள்ளி மோந்து, "இன்னும் பத்து நிமிசம் காத்தாடட்டும்" என்பார். அதற்குப் பிறகு யாரும் மூடியைத் தொடமாட்டார்கள். "மூக்கு பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்று பெருமையடிப்பார். பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனால் அந்த மூக்கால் பிழைத்து வீடு போனவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள்.

ஆலையில் ரசாயனங்களைக் காய்ச்சி வடிக்கும் கலன் இத்தாலியில் செய்தது. அதைச் சரிபார்க்க வருடம் ஒருமுறை வரும் பொறியாளர் மார்கோவை உங்களுக்கு நினைவிருக்கும். தன் அப்பாவின் தோட்டத்து ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவருவார். ரூக்கே என்பது திராட்சையின் பெயர், ஒயினுக்கும் அதுவே பெயர். வடமேற்கு இத்தாலியில் சில மலையூர்களில்தான் விளையும் என்பதால் அந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாதாம். நல்ல சிவப்பு. நாவல்பழம் தின்றதுபோல நாக்கில் துவர்க்கும். வேலை முடிந்த சாயங்காலம் விருந்தினர் விடுதியில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவோம். மாமா குடிப்பது ஒரு வாய், மோப்பம் பிடிப்பது அரை மணி நேரம். "முன்னாடி பன்னீர் ரோஜா, பின்னாடி மிளகு" என்பார் கண்ணை மூடிக்கொண்டு. முதல் தடவை அதைக் கேட்ட மார்கோ எழுந்துவந்து கைகுலுக்கினார். அவர் அப்பாவும் அப்படித்தான் சொல்வாராம்.

மாமா ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது மார்கோ என்னைத் தனியாக அழைத்தார். ஆலங்கட்டி மழையில் அப்பாவின் கொடிகள் போய்விட்டன, இந்த முறை கொண்டுவந்தது பர்பேரா என்ற வேறு திராட்சை, இதில் ரோஜா வாசனை இருக்காது, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று வருத்தப்பட்டார். சொல்லவே வேண்டாம், மோந்ததும் அவரே கண்டுபிடித்துத் திட்டுவார் என்று நான் சிரித்தேன்.

மாமா டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். "முன்னாடி பன்னீர் ரோஜா" என்றார். "பின்னாடி மிளகு."

மார்கோ என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் கூடத்தில் வேறு யாரும் இல்லாதபோது, "மாமா, நேத்து குடிச்சது ரூக்கே இல்ல" என்றேன்.

கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "ஒரு வருசமா ஒண்ணும் வரல மாப்ள. மல்லியும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். வெளிய சொல்லிராத. மூக்கு போச்சுன்னா இவுங்களுக்கு நான் யாரு?"

"வீட்டுல ரீட்டா அக்காவுக்கு?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்கும் வேணாம்."

ஒரு வருடமாக அவர் தொட்டிகளின் முன்னால் ஒன்றும் தெரியாமலே உத்தரவு கொடுத்திருக்கிறார். மேலதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பதிலாக கேஸ் மீட்டரை நானே தினமும் சரிபார்த்து, ஆட்களுக்குப் பின்னால் நின்று அவருக்கு விரல் காட்டினேன். திறக்கலாம் என்றால் ஒரு விரல், கூடாது என்றால் இரண்டு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனபின் அவருக்கு யார் விரல் காட்டுவார்கள் என்று யோசிக்கவே இல்லை.

விபத்து நடந்த அன்று ரீட்டா அக்கா சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மாமா காபி போட அடுப்படிக்குப் போயிருக்கிறார். சன்னல் சாத்தியிருந்திருக்கிறது. அடக்கம் முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோ மோப்பம் தெரிஞ்ச மனுசன் எப்படித் தம்பி தீக்குச்சியக் கிழிச்சாரு?" என்று கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன்.

ஏழாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா, "தெனம் கொழம்புச் சட்டியத் தெறந்து மோந்து பாத்து, ஜோரா இருக்குன்னு சொல்லுவாரே" என்றார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவர அடுப்பண்டையே உட்டுருக்க மாட்டேன் தம்பி."

நீங்கள் அவருடைய மூக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவர் தகுதியானவர்தான். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அவருடைய பயம். போன மாதத்திலிருந்து என் மனைவி சாம்பிராணி போட்டால் எனக்குப் புகை மட்டும்தான் தெரிகிறது, வாசனை வருவதில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன். அதே கூடத்தில் நின்று அதே காற்றைச் சுவாசித்த உங்களிடமும் சொல்கிறேன். இன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன் எதையாவது மோந்து பாருங்கள். ஒன்றும் வராவிட்டால், வருகிறது என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள்.